கட் பண்ணினால் எழுந்துவிட்டோம் என்று அர்த்தம்

பூந்தமல்லி
12.4.2025

அன்புள்ள பவ்யாக்கா,

நான் கடிதம் எழுதுகிறேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். உங்கள் ரோஷினிக்கு டியூஷனில் விடுப்புக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்து, 'அனுப்புநர்' என்று போட மறந்தால் குட்டு வைத்தவள், இப்போது நானே அதையெல்லாம் போட்டு எழுதுகிறேன். நீங்கள் கோவைக்குப் போய்ச் சேர்ந்ததைக்கூட விசாரிக்கவில்லை என்று கோபமா? என் போன் என்னிடம் இல்லை. அவருடையதும் இல்லை. பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டும் டேப்லெட்டும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள் பிள்ளைகள். லோக்கல் ஸ்டேஷன்காரர்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். உள்ளே வந்தவர்கள் மத்திய ஏஜென்சி. தமிழ் பேசியவர் ஒருவர்தான். ரொம்ப மரியாதையாகப் பேசினார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குமணன்சாவடி கண்ணாடிக் கடையிலிருந்து இவரையும் கூட்டி வந்திருந்தார்கள். கையில் கண்ணாடித் தூளைக்கூடத் துடைக்கவில்லை.

"பாஸ்வேர்டு சொல்லுங்க."

"இன்னாத்துக்கு சார்?"

"சொல்லலைன்னா மறைக்கிறார்னு எழுதிக்குவோம்."

சொல்லிவிட்டார். என்னுடையதை நானும் சொல்லிவிட்டேன். எங்கள் கல்யாண போட்டோ, உங்களிடம் நான் மாமியாரைப் பற்றிப் புலம்பின வாய்ஸ் மெசேஜ், எல்லாம் இப்போது சர்க்கார் சொத்து.

விஷயம் என்ன தெரியுமா? சஹர் மிஸ்டு கால்! நோன்பு மாதத்தில் விடியும் முன் சாப்பிட எழுப்பப் பள்ளிவாசல் மைக்கில் கூப்பிடுவது வழக்கமாக இருந்தது. புது அபார்ட்மெண்ட்காரர்கள் தூக்கம் கெடுகிறது என்றார்கள். "மைக் வாணாம், நான் போன் அடிச்சே எழுப்பிர்றேன்" என்று இவர்தான் கமிட்டியில் ஏற்றுக்கொண்டார். நாற்பது பேருக்கு மேல். எழுந்தவர் அந்த அழைப்பைக் கட் பண்ண வேண்டும். கட் பண்ணாவிட்டால் இன்னும் எழவில்லை என்று மறுபடி அடிப்பார். யாரும் எடுத்துப் பேசுவதில்லை. நீங்களும்தான் ஒரு மாதம் கட் பண்ணினீர்கள்.

"இத்தனை பேருக்கு, ஒரே நேரத்துல, ஒரு வார்த்தை பேசாம. பார்க்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அந்த மரியாதைக்காரர் கேட்டார்.

"தூங்குறவன எழுப்பினா மாரி தெரியும் சார்" என்றார் இவர். யாரும் சிரிக்கவில்லை. தினமும் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சாட்சியாகத்தானாம். ஒரு வாரத்தில் முடிந்துவிடும். வக்கீல் பால்ராஜ் சாரும் அப்படித்தான் சொல்கிறார். அதுவரை என் எண்ணுக்கு அடிக்காதீர்கள். வேறொருவர் எடுப்பார்.

உங்கள்
அஃப்ஷீன்


சரவணம்பட்டி, கோவை
19.4.2025

அன்புள்ள அஃப்ஷீன்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீசுக்கு லீவு போட்டேன்.

முதலில் வேலை விஷயம். போன்களை எடுத்தபோது உறையில் போட்டு உங்கள் முன்னால் சீல் வைத்தார்களா? என்னென்ன எடுத்தோம் என்று எழுதி நகல் தந்தார்களா? உள்ளே இருப்பதை யாரும் மாற்றவில்லை என்று பின்னால் காட்ட ஓர் எண் எடுப்பார்கள், அதைக் குறித்துக்கொண்டீர்களா? பால்ராஜ் சாரிடம் இதைக் கேள். கேட்காமல் விடாதே. பூட்டுத் திறந்த போனுக்குள் யார் எதை வைத்தாலும் நம்மால் இல்லை என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஃபாரூக் அண்ணன் போனில் என் எண் எந்தப் பெயரில் இருக்கும்? அந்த ஆஸ்திரேலியா புராஜெக்டுக்கு விடியற்காலை உட்கார வேண்டியிருந்தது, வெங்கட்டுக்கு இரவு ஷிஃப்ட், நான் அலாரத்துக்கு அசையாதவள். 'நாப்பது பேரோட நாப்பத்தொண்ணா உங்களுக்கும் அடிச்சிடச் சொல்றேன்' என்றாய். பெருநாள் முடிந்த பிறகும், நான் கிளம்பும்வரை எனக்கு மட்டும் அடித்துக்கொண்டிருந்தாரே, அதை நினைத்துத்தான் கேட்கிறேன்.

நானும் ரோஷினியும் இங்கே வந்துவிட்டாலும், வெங்கட் அங்கேயே ஆவடியில் பார்ப்பது பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை வேலை. உனக்குத் தெரியும். அவர் பதவி உயர்வு ஃபைல் இப்போது மேலே போயிருக்கிறது. நீங்களாக என் பேச்சை எடுக்க வேண்டாம், கொஞ்ச நாளைக்கு.

தவறாக நினைக்காதே. ரோஷினி உன்னைக் கேட்கிறாள்.

பவ்யா


பூந்தமல்லி
2.5.2025

பவ்யாக்கா,

அவரைக் கைது செய்துவிட்டார்கள். சாட்சியாகப் போனவர் சாயங்காலம் திரும்பவில்லை. மறுநாள் பால்ராஜ் சார்தான் வந்து சொன்னார். பயங்கரவாதத் தடுப்புச் சட்டமாம், அதில் பெயில் என்பது குதிரைக்கொம்பாம்.

பாரிவாக்கத்தில் ரூம் எடுத்திருந்த ஒரு ஆளைத் தேடுகிறார்களாம். எதற்கென்று எங்களுக்குச் சொல்லவில்லை. ஷெல்ஃபுக்குக் கண்ணாடி வெட்ட ஒரு நாள் கடைக்கு வந்தவன். 'பாய், எனக்கும் ஒரு கால் அடிங்க, தனியா கீறேன்' என்று எண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இவரும் நாற்பது பேரோடு அவனையும் எழுப்பியிருக்கிறார். அவ்வளவுதான் அக்கா அவனோடு எங்களுக்கு இருந்த சம்பந்தம்.

இவருடைய பழக்கம் உங்களுக்குத் தெரியாது. யார் பெயரும் மனசில் நிற்காது, செய்த வேலைதான் நிற்கும். டீக்கடை அன்வர் பாஷாவுக்கு 'சஹர் ஷோகேஸ்'. கறிக்கடைக்காரருக்கு 'சஹர் மூணடி கதவு'. அந்த ஆள் 'சஹர் ஷெல்ஃப்'. உங்களுக்கு 'சஹர் பால்கனி'. ஷோகேஸ் யார், மூணடி கதவு யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்களாம். சங்கேதப் பெயர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

அன்வர் பாஷாவையும் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்க உட்கார வைத்திருந்தார்கள். அதிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் பாலைக் கிளறுவதுபோல் குனிந்துகொள்கிறார். டியூஷனுக்குப் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை.

எல்லாரையும் யார் என்று சொன்னவர் ஒன்றை மட்டும் சொல்ல மறுக்கிறார். 'நோன்பு எழுப்பத்தான் அடிச்சேன்னா, பெருநாளுக்கு அப்புறமும் இந்த ஒரு எண்ணுக்கு மட்டும் ஏன்?' என்று கேட்கிறார்கள். ஞாபகம் இல்லை என்கிறாராம்.

அக்கா, நீங்கள் வந்து சொல்ல வேண்டும். ஆபீஸ் வேலைக்கு எழுப்பினார், அவ்வளவுதான் என்று. நாங்கள் சொன்னால் கதை. நீங்கள் சொன்னால் நம்புவார்கள். ஏன் என்று நான் எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

அஃப்ஷீன்


கோவை
14.5.2025

அஃப்ஷீன்,

பத்து நாள் யோசித்தேன். என்னால் முடியாது.

நான் கெட்டவள் என்று நினைத்துக்கொள். வெங்கட்டிடம் பேசினேன். "பேப்பர்ல ஒரு இடத்துல நம்ம பேர் வந்தா முடிஞ்சுது பவ்யா. அவங்க ப்ரூவ் பண்ணவே வேணாம். என்கொயரி நடக்குதுன்னு ஒரு வரி போதும்" என்றார். அவர் சொல்வது பொய்யில்லை. அவர் தொழிற்சாலையில் மச்சினன் பேரில் வந்த ஒரு கேசுக்காக மூன்று வருடம் ஓரங்கட்டப்பட்டவரை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு ரோஷினி இருக்கிறாள். வீட்டுக் கடன் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

அந்தப் பழைய எண்ணையும் போன புதன்கிழமை சரண்டர் செய்துவிட்டேன். அது இனி இல்லை. அவர்கள் கொஞ்ச நாள் கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் எத்தனை நாள் தோண்டுவார்கள்?

உன் கடிதத்தின் உறை ஓரத்தில் செலோடேப் ஒட்டியிருந்தது. நீ ஒட்டினாயா? நீ எப்போதும் சோற்றுப் பருக்கையை வைத்து ஒட்டுகிறவள்.

தயவுசெய்து இனி எழுத வேண்டாம்.

பவ்யா


பூந்தமல்லி
3.6.2025

பவ்யாக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். செலோடேப் நான் ஒட்டவில்லை. உங்கள் உறையிலும் இருந்தது.

முதலில் என் கோபத்தை எழுதிவிடுகிறேன். உங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்த அன்று ராத்திரி முழுக்க மடியில் வைத்திருந்தது யார்? பால்கனிக் கண்ணாடியில் உங்களுக்குக் கீறல் பட்டுவிடக் கூடாதென்று ஓரமெல்லாம் கையால் தேய்த்துத் தந்தது யார்? அவர் இன்று புழல் ஜெயிலில் இருக்கிறார். நீங்கள் பதவி உயர்வைப் பற்றி எழுதுகிறீர்கள்.

போன வாரம் பார்க்கப் போனேன். நடுவில் ஒரு கண்ணாடி. அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சு எம்எம்தான், மட்ட சரக்கு. டெண்டர்ல எவனோ அட்ச்சிட்டான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் பெயரைச் சொல்லிவிடும்படி அவரிடம் கெஞ்சினேன். "வாணாம் அஃப்ஷீன். அந்தக்கா பேர இஸ்துக்கினு வராத. ஒரு தபா ஃபைல்ல ஏறுன பேரு எறங்காது. நம்மள்து தான் ஏறிக்கினு கீதே, போதும்" என்றார். நீங்கள் வர மறுத்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. தான் உங்களைக் காப்பாற்றுவதாகவே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

இப்போது விசாரணை வேறு பக்கம் போகிறது. பாரிவாக்கத்து ஆளைப் பற்றிக்கூட அதிகம் கேட்பதில்லையாம். 'ஆவடியில் உனக்கு யாரைத் தெரியும்? ஃபேக்டரிக்குள் யார்?' என்றே திருப்பித் திருப்பிக் கேட்கிறார்களாம். இவருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. உங்கள் வெங்கட் சாரோடு இவர் போனில் பேசியதே இல்லை, அதனால் ஆவடியில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது என்று பால்ராஜ் சாரிடம் எழுதியே கொடுத்துவிட்டேன்.

அஃப்ஷீன்


கோவை
9.6.2025

அஃப்ஷீன்,

அந்த சிம் வெங்கட் பெயரில் வாங்கியது.

கல்யாணமான புதிதில் என் ஆதாரில் பழைய முகவரி இருந்தது என்று அவர் பெயரிலேயே எடுத்துக்கொடுத்தார். அப்புறம் மாற்றத் தோன்றவில்லை, சரண்டர் செய்தபோதுகூட இது உறைக்கவில்லை. யாருக்குத் தோன்றும்? நம் ஊரில் பாதிப் பெண்கள் கையில் இருக்கும் எண் புருஷன் பெயரிலோ அப்பா பெயரிலோதானே இருக்கிறது.

அவர்கள் கையில் இருக்கும் தாளில் நான் இல்லவே இல்லை. பெருநாளுக்குப் பிறகும் ஃபாரூக் அண்ணன் விடியற்காலையில் அடித்தது, ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வெங்கட்டுக்கு. அடித்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கட் பண்ணியது வெங்கட். அது அவர் இல்லை என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான், நான் கோவையில் வாயை மூடிக்கொண்டு அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று முன்தினத்திலிருந்து வெங்கட் போனை எடுக்கவில்லை. அவரோடு வேலை பார்க்கும் கோபிக்கு அடித்தேன். "சாரைப் பத்து நிமிஷம் பேசணும்னு யாரோ கூட்டிட்டுப் போனாங்க மேடம்" என்றார். பத்து நிமிஷமாம்.

நான் வருகிறேன். எல்லாவற்றையும் சொல்கிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை.

பவ்யா


பூந்தமல்லி
16.6.2025

அக்கா,

வாருங்கள். பால்ராஜ் சாரைப் பார்க்காமல் நேரே அவர்கள் ஆபீசுக்குப் போகாதீர்கள். எங்கள் வீட்டுக்கும் வர வேண்டாம், எதிர் மெக்கானிக் கடை வாசலில் புதிதாக ஒரு கேமரா மாட்டியிருக்கிறார்கள். மெக்கானிக்கைக் கேட்டால் தான் மாட்டவில்லை என்கிறார்.

என் கோபம் போய்விட்டது. பயந்தான் இருக்கிறது.

அஃப்ஷீன்


கோவை
21.7.2025

அஃப்ஷீன்,

அன்று அந்தக் கட்டடத்து வாசலில், எதிர்ப்புறப் பஸ் ஸ்டாப்பில் நீ நின்றதைப் பார்த்தேன். நீயும் பார்த்தாய். நாம் இரண்டு பேரும் தெரியாதவர்கள்போல் நின்றோம். பால்ராஜ் சார் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

உள்ளே அந்த மரியாதைக்காரர்தான் இருந்தார். தண்ணீர் கொடுத்தார். என் போனை வாங்கி டிராயரில் வைத்தார், இன்னும் தரவில்லை. நான் ஒன்று விடாமல் சொன்னேன். ஆஸ்திரேலியா, அலாரம், நோன்பு, எல்லாம். "அவர் அடிப்பார், நான் எழுந்ததும் கட் பண்ணுவேன், அப்படித்தான் பேசி வெச்சிருந்தோம்" என்றேன். அவர் டைப் செய்தார். பிறகு வாசித்துக் காட்டினார். 'முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அழைப்பைத் துண்டிப்பதன் மூலம் பதில் தெரிவித்தேன்.' நான் சொன்னதுதான் அது, வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றது. இப்படி நான் சொல்லவில்லையே என்றேன். "இதுல எது பொய்யினு சொல்லுங்க, அடிச்சிடறேன்" என்றார். எதையும் காட்ட முடியவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் கேட்டார். "சிம்மை சரண்டர் பண்ணச் சொன்னது யாரும்மா?"

யாரும் சொல்லவில்லை என்றேன். ஒரு ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். என் கையெழுத்து. 'அது இனி இல்லை' என்று உனக்கு எழுதினேனே, அந்தப் பக்கத்தின் நகல். அதற்கு அடியில் உன்னுடையது, பெருநாளுக்குப் பிறகு அடித்த எண்ணைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எனக்கு நீ எழுதியது. எல்லாவற்றிலும் பக்க எண் போட்டிருந்தார்கள். "அவங்க மே ரெண்டாம் தேதி எழுதறாங்க. நீங்க ஏழாம் தேதி சிம்மை ஒப்படைக்கிறீங்க. தபால் வர்ற நாளைக் கழிச்சா சரியா வருதேம்மா" என்றார். ரொம்ப வருத்தப்படுபவர்போலத்தான் சொன்னார்.

போன் ஆகாதென்று கடிதத்துக்கு வந்தோம். அவர்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க இன்னும் வசதியாகப் போயிற்று.

வெங்கட்டை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கைது இல்லை, இன்னும். இங்கேதான் இருக்கிறார். என்னோடு பேசுவதில்லை. ஹாலில் உட்கார்ந்து சுவரில் இருக்கும் ரவுட்டர் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று எழுந்து அதைப் பிடுங்கிவிட்டார்.

இதைத் தபாலில்தான் போடுகிறேன். ஒளித்து அனுப்பினால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள். உன் புருஷனைக் காப்பாற்ற வந்து, அவர் கழுத்தில் இன்னொரு கயிற்றைப் போட்டுவிட்டேன். என்னை நீ திட்டு. அதையும் அவர்கள் படிக்கட்டும்.

பவ்யா


பூந்தமல்லி
21.2.2026

அன்புள்ள பவ்யாக்காவுக்கும், இதைப் பிரித்துப் படிக்கிற சாருக்கும்,

நலமா? இத்தனை மாதம் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை அக்கா. எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வார்த்தையையும் இது என்னவாக டைப் ஆகும் என்று யோசித்து யோசித்து, கடைசியில் 'நலம்' என்பதைக்கூட எழுத முடியவில்லை. நேற்றுத்தான் தோன்றியது, அப்படி நான் பயந்து எழுதாமல் இருப்பதுதான் அவர்களுக்கு வேண்டியது. அதனால் எழுதுகிறேன். உங்களை நான் திட்டவில்லை. நீங்கள் வந்தீர்கள். நாற்பது பேரில் வேறு யாரும் தானாக வரவில்லை.

அவருக்கு இரண்டாவது முறையும் பெயில் மறுத்துவிட்டார்கள். உங்கள் வாக்குமூலத்தில் இருந்து அந்த ஒரு வரியை அரசு வக்கீல் எழுந்து நின்று வாசித்தார். இவர் கூண்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார், உங்கள்மேல் கோபப்படாதே என்பதுபோல. மெலிந்துவிட்டார். கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வெட்டி வைத்திருந்த கண்ணாடிகளை வாங்க ஆள் இல்லை, வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நிற்கிறேன்.

நோன்பு தொடங்கிவிட்டது. தொடங்குவதற்கு முன்னால் அன்வர் பாஷா ஒரு நாள் தெருவில் என்னை நிறுத்தினார். இத்தனை மாதம் கழித்துப் பேசுகிறார். இந்த வருஷம் யார் எழுப்புவது என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "தப்பா நெனைக்காதம்மா. நான் அலாரம் வெச்சிக்கினேன். எல்லாருமே வெச்சிக்கினாங்க. யாரும் யாருக்கும் அடிக்கறதில்லன்னு பேசிக்கினோம்" என்றார். அதையும் மெல்லிய குரலில், பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். விடியும் முன் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக அலாரம் அடிப்பது எனக்குக் கேட்கிறது. சீக்கிரம் அணைத்துவிடுகிறார்கள்.

நான் யாரையும் எழுப்பவில்லை. அதைச் சாரும் குறித்துக்கொள்ளலாம்.

போன மாதம் பால்ராஜ் சார் வற்புறுத்தி ஒரு சாதாரண போன் வாங்கித் தந்தார், பட்டன் போன். புது சிம். என் பெயரிலேயே எடுத்தேன் அக்கா, அந்தப் பாடம் படித்தாயிற்று. அந்த எண்ணைப் பால்ராஜ் சாரைத் தவிர நான் யாருக்கும் தரவில்லை. உங்களுக்கும் தரவில்லை. அதை நான் எங்கேயும் எழுதி வைக்கவும் இல்லை.

இன்று சஹருக்கு அது அடித்தது.

அரைத் தூக்கத்தில் அவர்தான் என்று நினைத்துவிட்டேன். எழுந்து உட்கார்ந்தேன், சிரித்தும்விட்டேன். கை தானாகச் சிவப்புப் பட்டனுக்குப் போனது. அப்போதுதான் முழிப்பு வந்தது. கட் பண்ணினால் அது பதில். எடுத்தால் அது பேச்சு. போனைப் போர்வைமேல் வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரியாத எண். அடித்து அடித்துத் தானாக நின்றது.

விடிந்ததும் பால்ராஜ் சாரைக் கேட்டேன். அவர் அடிக்கவில்லை. நீங்களாக இருக்க முடியாது. தவறுதலாக வந்த அழைப்பு என்று அவர் சொல்கிறார். நானும் அப்படித்தான் நம்பியிருப்பேன் அக்கா, அது ஒரு முறையோடு நின்றிருந்தால். எழாதவருக்கு மறுபடி அடிக்க வேண்டும் என்ற வழக்கம் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நாற்பது பேர். அவர்களில் ஒருவருக்கும் என் எண் தெரியாது. அவர்களை விட்டால், அதை ஃபைலில் படித்தவர்கள்தான்.

நான் கட் பண்ணவில்லை. அதனால் அது மறுபடி அடித்தது.

அஃப்ஷீன்